சுஜா போட்ட நம்பர்

காலை நாலேமுக்காலுக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். மகேஷ்குமார் இரண்டு குடமும் ஒரு பக்கெட்டும் பிடித்து வைப்பான். அதற்குள் சுஜா அடுப்பில் மைதாப் பசை கிளறி முடித்திருப்பாள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பசைச் சட்டியை வைத்து, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அதே அடுப்பில் பால் விடாத கட்டன்சாயா வைப்பாள். ஆறு மணிக்கு அபிஷா எழும். நாலு வயது. எழுந்ததும் கொஞ்சநேரம் காரணமில்லாமல் அழும். ஏழு மணிக்குப் புட்டும் பயறும். ஏழரைக்கு மகேஷ்குமார் சட்டை போடுவான். வலியசாலையிலிருந்து தம்பானூருக்கு நடந்தே போய்விடலாம், நடந்தே போவான். எட்டு மணிக்கு லாட்ஜின் ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். பி.காம். படித்திருந்தான். அந்தப் படிப்புக்குக் கிடைத்தது அந்த மேசைதான்.

அவன் படி இறங்கும்போது உள்ளே நம்பரிங் மெஷினின் முதல் 'டக்' சத்தம் கேட்கும். முதல் அடியை அவள் முந்தின நாள் பேப்பரில்தான் அடிப்பாள். மை சரியாகப் பிடித்திருக்கிறதா, எண் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பதற்கு. அதன் பிறகுதான் தாளில்.

சாலைக் கடைவீதியில் அச்சகம் வைத்திருந்த அழகியநம்பி அண்ணாச்சி அச்சடித்த தாள்களைக் கட்டுக்கட்டாக அனுப்புவார். சுஜா அவற்றுக்கு நம்பர் போட்டு, துளை ஓட்டி, தைத்து, முதுகில் காலிகோத் துணி ஒட்டி ரசீதுப் புத்தகமாக்கித் திருப்பி அனுப்புவாள். அந்த ஊரில் அதற்குக் குற்றி என்று பெயர். ஒரு குற்றியில் ஐம்பது தாள். ஒவ்வொரு தாளிலும் அடிக்கட்டைக்கு ஒரு முறை, ரசீதுக்கு ஒரு முறை, ஒரே எண் இரண்டு தரம் விழவேண்டும். மெஷினை அதற்குத் திருப்பி வைத்துவிட்டால் அதுவே இரண்டு அடிக்கு ஒரு எண் நகரும். கை தவறி ஒரு அடி கூடிவிட்டால் அந்தக் குற்றி முழுக்க எண் தப்பிச் சாய்ந்துபோகும். சுஜாவுக்குச் சாய்ந்ததில்லை. வாய்க்குள் எண்ணிக்கொண்டே அடிப்பாள். நடுவில் யாராவது கூப்பிட்டால் திரும்பமாட்டாள். இடது கையை மட்டும் உயர்த்திக் காட்டுவாள், நில் என்று.

கோயில் உற்சவக் குற்றி, சிட்ஃபண்ட் கம்பெனிக் குற்றி, சங்கக் குற்றி எல்லாம் வரும். இரண்டாயிரத்து ஒன்றில் தேர்தல் வந்தது. கட்சிக்குற்றி வந்தது.

தொகுதிக்குக் கட்சியில் இரண்டு பேர் சீட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சுகதன் தம்பி. மாவட்டக் கமிட்டி. பேச்சாளர், மைக் பிடித்தால் விடமாட்டார். இன்னொருவர் ஞானையன். பாறசாலைப் பக்கத்துக்காரர். ரோடு கான்ட்ராக்ட் எடுத்து வளர்ந்தவர், அதிகம் பேசமாட்டார். தொகுதியின் நிதிக் கமிட்டிக்கு இவர்கள் இருவருமே பொறுப்பு. குற்றி வைத்துப் பிரிக்கிற நன்கொடைப் பணம் கட்சியின் மாநில ஆபீசுக்குப் போய்விடும். ஆனால் சீட்டு வாங்குவதற்கு ஒரு செலவு இருக்கிறதே, அதற்குக் கட்சி பணம் தராது. ஆள் சேர்க்க, போஸ்டர் ஒட்ட, மேலே இருப்பவர்களைப் பார்க்கப் போக. அது அவரவர் பாடு.

நாலாயிரத்து ஐந்நூற்று ஒன்று முதல் ஐயாயிரம் வரை பத்துக் குற்றி சுஜா பிப்ரவரியில் போட்டுக் கொடுத்தாள். பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் சுகதன் தம்பியின் ஆள் ஷிஜு பைக்கில் வந்தான். கையில் அச்சடித்த வெற்றுத் தாள் கட்டு.

“சேச்சி, அந்தப் பத்துக் குற்றியும் மழையில நனஞ்சு போச்சு. அதே நம்பர் இன்னொருக்க இட்டுத் தரணும்.”

“நனஞ்சத கொண்டு வந்தியா?”

“ஆபீஸ்ல கிடக்கு. நாளைக்குக் கொண்டுவராம்.”

கெட்டுப்போன குற்றிக்கு அதே எண்ணில் மாற்றுப் போட்டுக் கொடுப்பது அந்தத் தொழிலில் உள்ளதுதான். ஆனால் கெட்டதை வாங்கி, மூலையை வெட்டி வைத்துக்கொண்டுதான் மாற்றுக் கொடுக்கவேண்டும். சுஜா அன்றைக்கு வாங்கவில்லை. கட்சிக்காரர்களிடம் நனைந்த குற்றியைக் காட்டு என்று எப்படி நிற்பது என்று தோன்றிவிட்டது. போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஞானையனின் டிரைவர் வந்தான். அதே தாள், அதே நம்பர். இந்தத் தடவை கறையான்.

“இதென்னங்க, ஒரே குற்றி நனையவும் செய்யுது, கறையானும் தின்னுது” என்று அன்று இரவு சாப்பிடும்போது சுஜா சிரித்தாள்.

“போட்டுக் கொடுத்தியா?”

“பின்ன? தம்பி சாருக்குப் போட்டாச்சு. ஞானையன் சாருக்கு மாட்டேன்னா, இவ அவரு கட்சின்னு நாளைக்குச் சொல்லமாட்டினுமா? ரெண்டுபேரும் ஒரே கட்சிதானே. ஒருத்தருக்குச் செய்தா மத்தவருக்கும் செய்யணும்.”

மகேஷ்குமார் மரச்சீனிக் கிழங்குத் துண்டை மீன்குழம்பில் தொட்டுக்கொண்டிருந்தான். அதில் தப்பு இருப்பதாக அவனுக்கும் படவில்லை. பி.காம். படித்தவனுக்குப் பட்டிருக்கவேண்டும், ஒரே நம்பரில் இரண்டு குற்றி இருந்தால் ஒன்றில் பிரிக்கிற பணம் கணக்கில் வராது என்று.

சுஜா பழைய ஸ்கூல் நோட்டு ஒன்று வைத்திருந்தாள். எந்தத் தேதியில் யார் வந்தார்கள், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று அதில் எழுதுவாள். இந்த இரண்டையும் எழுதி வைத்தாள்.

மார்ச் கடைசியில் சாலையிலுள்ள ஒரு நகைக்கடைக்காரர், தம்பி ஆட்கள் வந்து நன்கொடை பிரித்துக் கொடுத்துப்போன ரசீதையும் ஞானையன் ஆட்கள் வந்து கொடுத்துப்போன ரசீதையும் மேசைமேல் சேர்த்து வைத்துப் பார்த்தார். இரண்டிலும் நாலாயிரத்து அறுநூற்றுப் பதினேழு. அவர் சும்மா இருந்திருக்கலாம். இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்துக் கட்சியின் மாநில ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். கட்சி ஒரு கமிஷன் வைத்தது. சீட்டு யாருக்கு என்பதைக் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு பார்க்கலாம் என்று நிறுத்தியது.

அதற்குப் பிறகு வீட்டில் அந்த 'டக்' சத்தம் குறைந்தது. அழகியநம்பி அண்ணாச்சி வேலை அனுப்பவில்லை.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கு ஞானையன் வந்தார். வெள்ளை முண்டு, வெள்ளைச் சட்டை. கூட இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மகேஷ்குமார் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டான். சுஜா சாயா கொண்டுவந்தாள்.

“மோளே, பயப்படாண்டாம்” என்றார் ஞானையன். “நீ ஒண்ணும் செய்யேல. ஷிஜு வந்து போடச் சொன்னான், நீ போட்டே. அது மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் கையொப்பு போட்டுத் தா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

சுஜா மாடத்தில் இருந்த நோட்டைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“எழுதித் தரலாம் சார். ஆனா எழுதினா ரெண்டும் எழுதணும்லா? ஒங்க டிரைவர் வந்ததும் நோட்டுல உண்டு.”

அவள் எதிர்த்துப் பேசவில்லை. கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஞானையன் சாயாவைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். தம்ளரைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தார்.

“நல்ல சாயா” என்று சொல்லி எழுந்து போனார்.

அவர் போன பிறகு சுஜா அந்தத் தம்ளரை எடுக்கவே இல்லை. மத்தியானம் வரை அங்கேயே கிடந்தது.

மறுநாள் ஷிஜு லாட்ஜுக்கு வந்தான். ரூம் கேட்கவில்லை. மேசைமேல் கிடந்த ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி, பக்கம் பக்கமாகப் புரட்டினான்.

“எல்லாம் எழுதி வைக்குந்நு அல்லே, இங்கேயும்?”

“ரூல் அப்படி.”

“வீட்டிலும் அதே ரூலோ?” சிரித்தான். “மகேஷேட்டா, எழுதி எழுதி வச்சா ஆருக்கெங்கிலும் கஷ்டமாகும். சேச்சிகிட்ட சொல்லுங்க. மோளு எந்த ஸ்கூல்ல படிக்குது?”

“ஸ்கூல்ல சேக்கல. நாலு வயசுதான்.”

“ஓ. அப்ப வீட்டிலதான்.”

ரிஜிஸ்டரை மூடி, விளிம்பை மேசை விளிம்போடு நேராக வைத்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு மத்தியானமே மகேஷ்குமார் லீவு சொல்லிவிட்டு வந்து, அபிஷாவைக் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டம் பஸ் ஏறினான். மாமியார் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது விளக்கு வைத்திருந்தார்கள். சுஜா கதவைத் திறக்கவில்லை.

“ஆரு?”

“நாந்தான்.”

“பேரச் சொல்லுங்க.”

“சுஜா, நாந்தான்டி.”

“பேரச் சொல்லுங்கன்னுல்லா சொன்னேன்.”

அவன் தன் பெயரைத் தன் வீட்டு வாசலில் நின்று சொன்னான். உள்ளே இரண்டு தாழ்ப்பாளும் ஒரு நாற்காலியும் விலகின.

அதற்குப் பிறகு எட்டு நாள். காலையில் தண்ணீர் பிடிக்க அவன் போகும்போது அவளும் கூடவே வந்து குழாயடியில் நிற்பாள். பைக் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். அது கடந்துபோகும். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர இருவருக்கும் வராது. குழந்தை இல்லாததால் யாரும் அழவில்லை.

“நோட்ட எரிச்சிரலாம்” என்றான் அவன் ஒரு நாள்.

“எரிச்சா?”

“எரிச்சா ஒண்ணுமில்ல. ரெண்டுபேருக்கும் நிம்மதி.”

“எரிச்சா அப்பறம் நான் சொல்லுகதுதான் மிச்சம்ங்க. நான் சொன்னா ஆரு நம்புவா? காலுக்காசு பைண்டிங்காரி.” பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. “எனக்குப் பயமாட்டுதான் இருக்கு. இல்லேன்னு சொல்லல. ஆனா நான் தப்பாப் போட்டேன்னு ஆயிரப்பிடாது. அதுக்கப்புறம் எவனும் எனக்க கையில ஒரு தாள் தரமாட்டான்.”

“உயிரவிடப் பெருசா தாளு?”

“வேற என்ன தெரியும் எனக்கு?”

அவளுக்குக் கோபம் வந்தால் காய் பெரிது பெரிதாக விழும். அன்றைக்குப் பீன்ஸ் விரல் நீளத்துக்குக் கிடந்தது. இரண்டு பேரும் அதைத்தான் தின்றார்கள்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை. காலை பத்தரை மணிக்கு சுஜா காலிகோத் துணி வாங்கக் கரமனைக்குப் போனாள். கோயில் குற்றி கொஞ்சம் வந்திருந்தது. அண்ணாச்சி இரக்கப்பட்டு அனுப்பியது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஜீப் இடித்தது. பிரச்சார ஜீப். மேலே மைக், முன்னால் கட்சிக்கொடி. பார்த்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரும் கொடியைப் பார்த்திருந்தார்கள். நம்பரை ஒருவரும் பார்க்கவில்லை. தம்பிக்கும் அந்தக் கொடிதான், ஞானையனுக்கும் அந்தக் கொடிதான்.

இடித்தது வேண்டுமென்றா, தற்செயலா என்பது மகேஷ்குமாருக்கு இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் மாலை மூன்றேகாலுக்கு அவள் கண் திறந்தாள். தலையில் கட்டு. உதடு காய்ந்திருந்தது. நர்ஸ் பஞ்சை நனைத்துத் தடவினாள். அவன் காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அவள் பேசினாள். மெதுவாக, ஆனால் தெளிவாகப் பேசினாள். பிறகு இடது கையைக் கொஞ்சம் உயர்த்தினாள். நாலு மணிக்குள் முடிந்துவிட்டது.

அன்று இரவே ஞானையன் ஆட்கள், சுஜா சாகும்போது தம்பி பெயரைச் சொன்னாள் என்றார்கள். விடிவதற்குள் தம்பி ஆட்கள், அவள் ஞானையன் பெயரைச் சொன்னாள் என்றார்கள். இரண்டு பக்கமும் போஸ்டர் ஒட்டியது. இரண்டு போஸ்டரிலும் ஒரே போட்டோ, கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தது. யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பியபோது வீட்டில் மாடம் காலியாக இருந்தது. நோட்டைக் காணவில்லை. நம்பரிங் மெஷினையும் காணவில்லை.

“மெஷின் நம்ம பிரஸ்ஸுக்க சாதனம்லா, நாந்தான் எடுத்தேன்” என்றார் அழகியநம்பி.

“நோட்டு?”

“எந்த நோட்டு?” என்றார் அவர். அவர் முகத்தைப் பார்த்தபோது மகேஷ்குமாருக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவரும் பயந்துபோயிருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரே காரில் இரண்டு பேரும் வந்தார்கள். சுகதன் தம்பியும் ஞானையனும். ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் வெற்றிலைத் தட்டை இன்னொருவர் பக்கம் தள்ளினார். தனித்தனியாக வந்து செய்த பயமுறுத்தலைவிட அது அவனை அதிகம் பயமுறுத்தியது. சீட்டு தம்பிக்கு என்று முடிவாகியிருந்தது. ஞானையனுக்கு ஒரு போர்டின் சேர்மன் பதவி என்று பேச்சு.

தம்பிதான் பேசினார். வீட்டுக்குள்ளும் மைக் முன்னால் பேசுகிற குரல்தான்.

“மகேஷே, நமுக்கிடையில் ஒரு தப்பெண்ணம் வந்தது, தீர்ந்தது. பார்ட்டியில அண்ணன் தம்பி சண்டைதானே. இனி சுஜாவின் பேரில் ஒரு குடும்ப சகாய நிதி தொடங்குறோம். மோளுடைய படிப்பு முழுக்க நாங்க நோக்கிக்கொள்ளும்.”

ஞானையன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். டைப் அடித்திருந்தது. குற்றிகளில் நம்பர் இரட்டித்தது பைண்டிங் செய்த தொழிலாளியின் கைப்பிழை. இறப்பதற்கு முன்பு அதை அவரே கணவரிடம் ஒப்புக்கொண்டு வருத்தப்பட்டார் என்று அதில் இருந்தது.

“இப்பக் கையொப்பு போடாண்டாம்” என்றார் ஞானையன். “செவ்வாய்க்கிழமை கமிஷன் கேக்கும். அவ அப்பிடிச் சொன்னான்னு ஒரு வார்த்த சொல்லு. பின்ன கையொப்பு. செத்தவளுக்கு இதுல என்ன நஷ்டம்?”

“ஓர்மைத்தெற்று, மறதி, ஆருக்கும் வரும்” என்றார் தம்பி.

போகும்போது ஷிஜு வாசலில் நின்று, “மோளு மார்த்தாண்டத்தில சுகமாயிட்டு இருக்கோ?” என்று கேட்டான். மார்த்தாண்டம் என்று மகேஷ்குமார் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. காரியத்துக்குக்கூடப் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லவில்லை.

அழகியநம்பி அண்ணாச்சி மட்டும் பந்தி முடிந்தும் போகாமல் இருந்தார். சாம்பார் வாளிகளைக் கழுவி அடுக்கும் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஏ மகேசு, நான் சொல்லுகதக் கேளு. போட்டிரு. நம்மால இவன்மாருக்கு முன்னால நிக்கமுடியுமா? ஒனக்கு ஒரு பிள்ள இருக்கு.”

“அண்ணாச்சி, அவ ஒரு நம்பராவது தப்பாப் போட்டு நீங்க பாத்திருக்கேளா?”

“அதல்லடே இப்பப் பேச்சு.”

“பாத்திருக்கேளா?”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “பதினோரு வருசம்” என்றார். “கல்யாணத்துக்கு முந்தி, இங்க குடியிருந்தப்ப, அவ அம்மகூட வந்து போடத் தொடங்கினதுலேருந்து. ஒண்ணுகூட இல்ல.” பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, மாற்றிப் போட்டிருந்ததைத் தெருவில் போய்ப் பார்த்து நின்று சரிசெய்துகொண்டு போனார்.

திங்கட்கிழமை அவன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மார்த்தாண்டத்துக்குப் பேசினான். அபிஷாவை எங்கும் வெளியே விடவேண்டாம், முடிந்தால் தூத்துக்குடியில் சித்தி வீட்டுக்கு இன்றைக்கே கொண்டுபோய்விடுங்கள் என்றான். மாமியார் ஏன் என்று கேட்கவில்லை. ராத்திரி வண்டிக்கே போறோம் மக்கா என்றாள்.

செவ்வாய்க்கிழமை நாலேமுக்காலுக்குத் தண்ணீர் வந்தது. ஒரு குடம் போதும், இரண்டும் பிடித்தான். கட்டன்சாயா வைத்தான். அவன் வைத்தால் கசக்கும். பழைய பேப்பர் கட்டில் அவள் முதல் அடி அடித்துப் பார்த்த தாள்கள் கிடந்தன. விளம்பரங்களுக்கு மேல், மந்திரிகள் முகத்துக்கு மேல் எண்கள். நாலாயிரத்து ஐந்நூற்று ஒன்று இருக்கிறதா என்று தேடினான். இருந்தது. மூன்று பேப்பரில் இருந்தது. மூன்றிலும் மேலே பேப்பர்க்காரன் அச்சடித்த தேதி. முதலாவது பிப்ரவரித் தொடக்கம். மற்ற இரண்டும் பத்து நாள், ஒரு வாரம் என்று விட்டு விட்டு. கை தவறி மூன்று தடவை இப்படி வராது, மெஷினைத் திருப்பி வைத்தால்தான் வரும்.

கிழித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். கட்சி ஆபீசுக்கு நடந்தே போனான்.

கட்சி ஆபீஸ் மாடியில் கமிஷன். மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், மாநிலக் கமிட்டி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் தம்பியும் ஞானையனும் உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம் ஷிஜு. ஃபேன் சுற்றியது. மேசைமேல் அந்த டைப் அடித்த தாள், அதன்மேல் பறக்காமலிருக்க ஒரு சாயா தம்ளர்.

“மகேஷ்குமார், இரிக்கு” என்று நாற்காலியைக் காட்டினார் ஹெட்மாஸ்டர். தமிழ் வந்தது அவருக்கு. “உம்முடைய துக்கம் மனசிலாகுது. ரெண்டு கேள்விதான். நம்பர் இரட்டிச்சது உம்முடைய மனைவிக்கு வந்த கைப்பிழை என்று இதில் இருக்கு. நீர் வாசிச்சீரா?”

“வாசிச்சேன்.”

“அவங்க மரணத்துக்கு முன்னால் உம்மகிட்ட பேசினாங்களா?”

“பேசினா.”

பெஞ்சில் தம்பி காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். ஞானையன் அசையவில்லை. கீழே தெருவில் ஒரு பிரச்சார ஜீப் மைக்கோடு போனது. அது கடந்துபோகும்வரை மகேஷ்குமார் பேச்சை நிறுத்தினான். பழக்கமாகிவிட்டிருந்தது. ஷிஜு கதவை மெல்லச் சாத்தினான்.

“குடிக்க வெள்ளம் வேணுமா?” என்றார் ஹெட்மாஸ்டர்.

“வேண்டாம் சார்.”

பையிலிருந்து மூன்று பேப்பர் துண்டுகளையும் எடுத்தான். தேதி மேலே தெரியும்படி மேசையில் வரிசையாக வைத்தான். வைக்கும்போது ஒன்று கோணலாக விழுந்தது. அதை நேராக்கினான். ஹெட்மாஸ்டர் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் விரல் வைத்தார். பெஞ்சின் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார்.

“என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லும்.”

அவன் எழுந்து நின்றான். சொன்னான்.

“ ‘ரெண்டுபேரும் கேட்ட நம்பரத்தான் போட்டேன். எனக்கு ஒண்ணுகூடத் தப்பல, கேட்டேளா.’ ”